தீபாவளியில் வரும் திவசம்

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் 1987இல் கொல்லப்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு நினைவு நாள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் தங்கள் சகாக்களின் படங்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றுவது ஒக்டோபர் 21ஆம் திகதி. வீடுகளில் திவசம் செய்வது திதிப்படி, ஐப்பசி அபரபக்கச் சதுர்த்தசியில். அந்தத் திதியில்தான் தீபாவளியும் வரும். 2025இல் தீபாவளி ஒக்டோபர் 20. அன்று வீட்டில் திவசம், மறுநாள் ஆஸ்பத்திரியில் அஞ்சலி என்று இரண்டும் ஒட்டியே வந்தன.

என் சின்னம்மாவுக்கு இந்தத் திகதிக் கணக்கில் அக்கறை இல்லை. பஞ்சாங்கத்தில் பார்த்து ஐயருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதே அவளுக்குப் பெரிய பாடு. தீபாவளியன்று கோயில் பூசையை விட்டு எந்த ஐயர் திவசத்துக்கு வருவார்? விடிய முதலே வந்து, அரிசி மரக்கறித் தானத்தை வாங்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பறந்துவிடுவார். அதே நேரம் பின்வளவில் பங்கு அடிக்கிற வேலை நடக்கும். ஆட்டை உரித்து, ஈரலும் எலும்பும் எல்லாருக்கும் ஒருபோல விழும்படி கூறு பிரிப்பார்கள். முன்பு தேக்கிலையில் கட்டுவார்கள், இப்போது ஷொப்பிங் பை. ஒழுங்கை முழுக்க இறைச்சிக் கறி கொதிக்கையில் சின்னம்மா வீட்டில் மட்டும் வாழைக்காயும் பூசணிக்காயும். காகத்துக்கு வைத்து, படையலை எடுத்த பிறகு, புது உடுப்புப் போட்டபடி காத்திருக்கும் பேரப்பிள்ளைகளை, “போய் அங்கை சாப்பிடுங்கோ” என்று வேலிக்கு அப்பால் அனுப்புகிறவளும் அவள்தான். பிள்ளைகளின் தீபாவளியை அவள் ஒருநாளும் மறித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கொல்லப்பட்ட என் சித்தப்பா போராளி அல்ல. வயிற்றில் ஒப்பரேசன் செய்து, தையல் பிரிக்கக் காத்திருந்த நோயாளி.

அந்த ஆண்டு நடந்தவற்றை என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் ஒப்பந்தம் செய்தார்கள். வந்திறங்கிய இந்தியன் ஆமிக்கு நாங்கள்தான் மாலை போட்டோம். செப்டெம்பர் 26இல் நல்லூர் வீதியில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தார். ஒக்டோபர் 5இல் பலாலியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த புலிகளின் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா உட்படப் பலர் சயனைட் உட்கொண்டு இறந்தார்கள். 10ஆம் திகதி இந்தியன் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது.

ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நான் அம்மா, தங்கைமாரோடு நல்லூர்க் கோயிலில் இருந்தேன். ஆயிரக்கணக்கான சனம். மலகூடத்துக்கு வரிசை, கிணற்றடிக்கு வரிசை. தீபாவளி விடிந்தபோது எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த கிழவி ஒருத்தி, சிறு போத்தலில் கொண்டுவந்த நல்லெண்ணெயை அருகிலிருந்த குழந்தைகளின் உச்சியில் துளித்துளியாக வைத்துவிட்டாள். முழுகத் தண்ணீர் இல்லை. எண்ணெய் வைத்தபடியே அதுகள் நாள் முழுக்கத் திரிந்தன. நகரப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டபடி இருந்தது. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரிய நாட்கள் சென்றன.

காலையில் ஆஸ்பத்திரிக்குள் ஷெல் விழுந்தது. பின்னேரம் ஆமி உள்ளே வந்து சுட்டது, கைக்குண்டு எறிந்தது. எக்ஸ்றே பகுதிக்குள் ஒதுங்கியவர்கள் கும்பலாகச் செத்தார்கள். உயிர் தப்பியவர்களில் சிலர் பிணங்களோடு பிணமாக விடியும்வரை அசையாமல் கிடந்தார்கள். மறுநாள் காலை, குழந்தை மருத்துவ நிபுணர் சிவபாதசுந்தரம் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் என்று சத்தமாகச் சொன்னபடி நடந்து வந்தார். அவரையும் சுட்டார்கள். டொக்டர் பரிமேலழகர், டொக்டர் கணேசரட்ணம், தாதியர், சிற்றூழியர்கள் என்று ஊழியர்கள் மட்டும் 21 பேர். நோயாளிகளையும் சேர்த்தால் 60க்கு மேல். உடல்களை ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே எரித்தார்கள். சித்தப்பாவின் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குக் கொண்டுபோகச் சாம்பல்கூட இருக்கவில்லை.

உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் இரு தரப்புக்கும் நடுவே அகப்பட்டுச் செத்தார்கள் என்பது இந்திய அமைதிப்படையின் கதை. அன்று ஆஸ்பத்திரிக்குள் ஆயுதத்தோடு பொடியள் வந்தது உண்மைதான். வெளியேறச் சொல்லி டொக்டர்மார் அவர்களிடம் மன்றாடியதை ‘முறிந்த பனை’ நூலில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பைப் புலிகளின் தலையிலிருந்து நான் இறக்கிவைக்க மாட்டேன். நம்மவர் பலருக்கு இந்த வரி பிடிக்காது, பரவாயில்லை. ஆனால் சண்டை ஓய்ந்த காலையில், கை தூக்கி வந்த டொக்டர் எந்தத் துவக்குச் சூட்டுக்கு நடுவில் அகப்பட்டார்? இதற்காக இன்றுவரை ஒரு சிப்பாய்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இனி அரசியல். தீபாவளி வந்தால் ஜனாதிபதி குத்துவிளக்கேற்றும் படம் பத்திரிகையில் வரும், பக்கத்தில் பட்டுவேட்டியோடு நமது பிரதிநிதிகள் நிற்பார்கள். ‘அடுத்த தீபாவளிக்குள் தீர்வு’ என்பது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தர் ஐயாவின் பெயரோடு ஒட்டிப்போன பகிடி. சந்தையில் கடன் கேட்டால், “தீபாவளிக்குத் தாறன்” என்று கண்ணடிக்கிற அளவுக்கு அது ஊரில் பரவிவிட்டது. அவர் 91 வயதில், 2024 ஜூன் 30இல் காலமானார். அந்தப் பகிடியில் நான் சேர்ந்து சிரித்ததில்லை. கொழும்பை நம்பி நாள் குறித்த ஒருவரைவிட, நாள் குறிக்கவைத்து ஏமாற்றியவர்களில்தான் எனக்குக் கோபம். ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்கவும் 2023 பெப்ரவரி 4, 75ஆவது சுதந்திர தினத்துக்கு முன் இனப்பிரச்சினையைத் தீர்க்கலாம் என்றார். அந்த நாளும் வந்து, அணிவகுப்பு முடிந்து, போனது. நமது அரசியலில் தீர்வுக்குத் தவணை குறிப்பது ஏன் எப்போதும் பெருநாளில்? பெருநாளில் கேட்கிறவன் வாயை இனிப்பால் அடைக்கலாம், அதனால்தான்.

தீர்வு பெரிய விசயம், அதற்கு அரசியலமைப்பு வேண்டும், நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும். நான் கேட்பது அதைவிட மிகச் சிறியது.

கொழும்புக்கு அருகே, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், இந்திய அமைதிப்படைக்கு ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. இலங்கையில் இறந்த ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 2025 ஏப்ரலில் வந்த பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். அது சரி. பஞ்சாபிலும் பீகாரிலும் மதராசிலும் இருந்து, எங்கே எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் கப்பலேறிய அந்தப் பொடியன்களுக்கும் வீட்டில் விளக்கேற்றக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கட்டும். ஆனால் ஒரு நாடு தன்னுடைய இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறபோது, தன் படை கொன்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா?

இந்தக் கேள்வியை நமது கட்சிக்காரர் கேட்டு நான் பார்த்ததில்லை. டெல்லியிலிருந்து வருகிறவரிடம் 13ஆவது திருத்தத்தை அமுல்படுத்தச் சொல்லி மனுக் கொடுப்பார்கள், வீட்டுத் திட்டத்துக்கு நன்றி சொல்வார்கள். நானும் நன்றி சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையிலேயே இந்திய வீடு இருக்கிறது, நல்ல வீடு. ஆனால் வீடு தந்தவனிடம் சாவைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று யார் இவர்களுக்குச் சொன்னது? நெருங்கியவனிடம்தானே கேட்க முடியும்?

இந்தியாவின் துணைத் தூதரகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் சில நிமிடம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துச் சொல்கிற அந்த அலுவலகத்திலிருந்து, வருகிற ஒக்டோபர் 21ஆம் திகதி ஒருவர் வந்து அந்தப் படங்களின் முன் நிற்கட்டும். பேச்சு வேண்டாம். பிறகு, அன்று ஆஸ்பத்திரியில் இறந்த நோயாளிகளின் பட்டியலைத் தயாரிக்க, அன்றைய இராணுவப் பதிவுகளை டெல்லி திறந்து கொடுக்கட்டும். ஊழியர்களுக்காவது படங்கள் இருக்கின்றன. கட்டிலில் கிடந்து செத்தவர்களில் பலரை அவரவர் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். “எழுது, எழுது” என்றாள். “அவரின்ரை பேரிலை பிழை விடாமல் எழுதச் சொல்லு. மரணச் சான்றிதழிலை தகப்பன்ரை பேரைப் பிழையா அடிச்சு, அதைத் திருத்த நான் கச்சேரிக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.”