மின்காரும் ஓட்டும் இன்பமும்

விரைவொன்றையே கருதி மின்காரைத் தெரிதல் போதாது என்பது எமது துணிபு. பற்றரி அடித்தளத்தில் அமைவதாற் கார் எளிதிற் சாயாது. ஆயினும் அதன் பாரம் வளைவுகளில் ரயர்களை வருத்தும். அதற்கென விற்சுருளை மிக இறுக்கினால், மேடுபள்ளங்களிற் சில்லு நிலத்தை விட்டெழும், பிடி குறையும்.

2013இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐ3, கரிநார் உடலமைப்பால் ஏறத்தாழ 1,200 கிலோகிராமே நிறையுடையதாயிருந்தது. 2017இல் வந்த ஐ3எஸ் 10 மில்லிமீற்றரே தாழ்த்தப்பட்டது. சில்லிடை அகலம் 40 மில்லிமீற்றர் கூட்டப்பட்டது. விற்சுருளும் அதிர்வடக்கியும் ஒருங்கே மாற்றப்பட்டன.

விற்சுருளை மாத்திரம் வெட்டிக் காரைத் தாழ்த்த விழையும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. வீதிமேட்டில் அடிப்பற்றரி மோதின் பொருளும் உயிரும் கேடுறும். பாரங் குறைந்த காரைத் தெரிவதே முதற்கடன், திருத்தம் பின்னரே.