தளியும் மண ரோஜாவும்

பூவொன்று கையில் கிடைத்தவுடன் அதனை மூக்கருகே கொண்டு செல்வது நம்மவர் வழக்கம். கண்ணுக்கு இனிதாயிருத்தல் மட்டும் போதாது. மணமும் வேண்டும் என்பது நம் உள்ளத்திற் படிந்த எண்ணம். மணமில்லாத பூவைப் பூவென்று சொல்லவும் நம் பாட்டிமார் தயங்குவர். ஆனால் இக்காலத்துக் கடைகளில் விற்கும் நெடுங்காம்பு ரோஜாவை முகர்ந்து பார்த்தவர், பெரும்பாலும் ஒன்றும் பெறாமல் அதனைத் திரும்ப வைத்துவிடுகின்றனர். இஃது எதனால் நேர்ந்தது? இதற்கு நாம் செய்யத்தக்கது யாது? இவற்றைப் பற்றி என் கருத்தைச் சொல்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

என் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி. கன்னட நாட்டெல்லைக்கு அண்மையிலுள்ள மேட்டு நிலம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருப்பதால் வெயில் கடுமையற்றது. ஆங்கிலேயர் இதனைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்று அழைத்தனர் என்பர். சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கும். ஒருவர் ‘ரோஜா’ என்பதை மற்றவர் ‘குலாபி’ என்பார், பொருள் வேறுபடாது.

இத்தட்பவெப்பம் ரோஜாவுக்கு ஏற்றது என்பதைக் கண்டே ஓசூர், தளிப் பக்கங்களில் பசுமைக்குடில்கள் எழுந்தன. அமுதகொண்டபள்ளியில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் கூட்டு முயற்சியால் டான்ஃப்ளோரா என்னும் மலர்ப் பூங்கா அமைந்தது. தளியில் இந்திய இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின்கீழ் மலர்களுக்கான மகத்துவ மையம் ஒன்றும் ஏற்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி 14-ஆம் நாளை முன்னிட்டு இங்கிருந்து சிவந்த ‘தாஜ்மகால்’ ரோஜாக்கள் கடல் கடந்து செல்கின்றன. பல குடும்பங்களுக்கு இத்தொழில் சோறு போடுகின்றது. ஆதலின் இதனை யான் பழிப்பதாக எவரும் கருதலாகாது.

நிற்க. கொய்மலருக்கு வேண்டிய குணங்கள் எவை? காம்பு நீண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். இதழ் தடித்திருக்க வேண்டும். பெட்டியில் அடைபட்டுப் பயணம் செய்தபின்னும் வாடாதிருக்க வேண்டும். வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக இக்குணங்களையே தேர்ந்தெடுத்தனர். மணத்தைத் தேர்ந்தெடுப்பார் இல்லாமையால் அது மெல்ல நழுவிவிட்டது. 2015-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இதன் உட்பொருளை ஒருவாறு விளக்கினர். ரோஜா மணத்திற்குக் காரணமான பொருள்களுள் ஒன்று ஜெரானியால். அதனை ஆக்குதற்கு உதவும் நொதி ஒன்று மணமுள்ள வகைகளின் இதழ்களில் மிகுதியாகத் தொழிற்படுகின்றது என்றும், மணமற்ற வகைகளில் அதன் தொழில் மிகக் குறைவு என்றும் அவர்கள் கண்டனர். ஆகவே மணம் என்பது தானே வந்து சேரும் அணிகலன் அன்று. பேணாவிடின் மறையும் குணம் என்பது தெளிவாகின்றது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவேன். யான் இக்கல்லூரியில் பயின்ற நாளில், விடுமுறைக்கு ஊர் சென்றபோது, ஒட்டுக் கட்டிய சிவப்பு ரோஜாச் செடி ஒன்றை விலை கொடுத்து வாங்கி எங்கள் முற்றத்தில் நட்டேன். முற்றம் 15 அடி நீளமும் 10 அடி அகலமுமே உடையது. மழைநீர் தானே பாயட்டும் என்று கருதிக் கூரைத் தாழ்வாரத்தின்கீழ் அதனை வைத்தது என் பேதைமை. ஐப்பசி மழை வந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து இரவும் பகலும் நீர் சொட்டிற்று. இலைகளிற் கரும்புள்ளிகள் தோன்றின, பின் மஞ்சளாயின, பின் உதிர்ந்தன. கார்த்திகையில் ஒட்டுக்கிளை முழுதும் கருகிவிட்டது.

தை மாதத்தில் ஒட்டுக்குக் கீழே, அடிமரத்திலிருந்து, ஒரு துளிர் எழுந்தது. பசுமைக்குடிலில் வேலை பார்க்கும் அண்டை வீட்டார் அதனைக் கண்டு, “தம்பி, அது காட்டுக்கிளை, வெட்டிவிடு,” என்றார். யானும் கத்தியை எடுத்தேன். திண்ணையிலிருந்த என் பாட்டி, “பூக்கிற வரைக்கும் பொறு, கண்ணு. வெட்டுவதற்கு என்ன அவசரம்?” என்றார். அவர் சொல்லுக்காகவே பொறுத்தேன்.

பங்குனியில் அது பூத்தது. இளஞ்சிவப்பு நிறம், நெருங்கிய மெல்லிதழ்கள், நிமிர்ந்து நிற்க மாட்டாத குறுங்காம்பு. சந்தைக்கு அனுப்பத்தக்க குணம் ஒன்றும் அதற்கில்லை. மணமோ வாசற்படி வரையில் வந்தது! பாட்டி அதனை முகர்ந்து, “இது நம் பன்னீர்ப் பூவல்லவா!” என்று கூறி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று மாலை வரையில் அம்முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை.

தோட்டக்கலை அறிந்தார் ஒருவர் பின்னர் அதனை எட்வர்டு ரோஜா என்றார். பன்னீர் ரோஜா, எட்வர்டு என்னும் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறி வழங்குதலால் பெயரைப் பற்றி யான் வழக்காடேன். ஆனால் எட்வர்டின் வரலாறு அறியத்தக்கது. இந்துமாக்கடலில் மொரீசியசுக்கு அண்மையில் ரெயூனியன் என்றொரு தீவு உளது. முன்னர் அதற்குப் பூர்போன் என்று பெயர். நம் தமிழரும் பலர் 19-ஆம் நூற்றாண்டில் கூலிகளாகச் சென்று குடியேறிய தீவு அது. அங்கே வேலியாக நட்ட சீன ரோஜாவும் தமாஸ்க் ரோஜாவும் தாமே கலந்து பிறந்த செடியே இது என்பர். அதன் விதைகள் 1819-ஆம் ஆண்டளவில் பாரிசுக்கு அனுப்பப்பட்டன. பூர்போன் ரோஜாக் குலம் அவற்றினின்று பெருகிற்று. அக்குலத்து எட்வர்டு இந்தியாவில் நெடுநாளாகப் பிற ரோஜாக்களைத் தாங்கும் அடிச்செடியாகவும் பயன்பட்டு வருகின்றது. பிறர் பூவைத் தோளிற் சுமந்து, தன் பூவை மறைத்து நிற்கும் செடி! எங்கள் முற்றத்தில் மழையானது மேலிருந்ததை அழித்துக் கீழிருந்ததை வெளிப்படுத்திற்று.

“மழை மிகுந்த சிறு தோட்டத்தில் மணமுள்ள ரோஜா நிலைக்காது, குடிலின்றி ரோஜா இல்லை,” என்பார் சிலர். இக்கூற்று முழுதும் உண்மையன்று. செடிக்குப் பகை மழையன்று, உலராத ஈரமே. கரும்புள்ளி நோயின் வித்துக்கள் முளைத்து இலையினுட் புகுதற்கு, இலை ஏறக்குறைய 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருத்தல் வேண்டும். ஆதலின் இலை விரைவில் உலருமாறு செய்வதே வளர்ப்பாரின் முதற்கடமை. காலை வெயில் படும் இடத்தைத் தேர்க. தாழ்வாரச் சொட்டு விழும் இடத்தை விலக்குக. பாத்தியை அரையடி உயர்த்தி, மட்கிய எருவும் மணலும் கலந்து நீர் வடியச் செய்க. செடிக்குச் செடி 3 அடியேனும் விடுக. நடுவிலுள்ள கிளைகளைக் கவாத்துச் செய்து காற்றுக்கு வழி திறந்துவிடுக. மாலையில் நீர் ஊற்றாது காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுக. உதிர்ந்த நோயிலைகளைப் பொறுக்கி எரித்துவிடுக. மழையில் நனைந்த மொட்டின் புறவிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரியாது அழுகுவதுண்டு. அவற்றை விரலால் மெல்ல நீக்கின் உள்ளிதழ் விரியும். பூவை வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். ஏனெனில் வெப்பம் மிகுந்தால் மணம் காற்றோடு போய்விடும். இவற்றுள் ஒன்றுக்கேனும் பெரும்பொருள் வேண்டுமா? நாள்தோறும் கால்மணி நேரம் போதும்.

இத்தனை செய்தும் ஐப்பசியில் சில இலைகள் உதிரத்தான் செய்யும். அதனை இழப்பென்று எண்ணி மருந்தை வாரி இறைத்தல் வீட்டுத் தோட்டத்துக்குத் தகாது. தையில் அச்செடி மீண்டும் தளிர்க்கும். குற்றமற்ற இலையைக் காட்டிலும் மணமுள்ள பூவே நமக்கு வேண்டுவது.

வேறொரு தடையும் கூறுவர்: “உதிரிப்பூவை வளர்த்து யார் பிழைப்பது?” வணிகர் வணிகப் பூவை வளர்க்கட்டும். பிழைப்புக்குரிய பூ வேறு, வீட்டுக்குரிய பூ வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, விலைபோகாதது வீட்டிலும் இருக்கலாகாது என்று நினைப்பதே பிழை. மணத்தைப் பேணும் கடமையை வணிகர் ஏற்பர் என்று எதிர்பார்க்க முடியாது. அது முற்றம் உடையாரையே சார்ந்தது. கொடைக்கானலில் வாழ்ந்து, வெப்ப நாட்டுக்கேற்ற ரோஜாக்களை நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களினின்று உண்டாக்கிய வீரராகவனும் ஆட்சிப்பணியில் இருந்தவரேயன்றி மலர் வணிகர் அல்லர் என்பதை நினைவு கூர்க.

பாட்டி இன்று இலர். சென்ற ஆண்டு எங்கள் வீட்டார் முற்றம் முழுதும் சிமெந்து பூசி வண்டி நிறுத்த வேண்டுமென்றனர். அவர்கள் தேவையும் நியாயமானதே, யான் மறுக்கவில்லை. ஆயினும் வேலையாட்கள் வருமுன் விரல் பருமனுள்ள 10 போத்துக்களை வெட்டிப் பைகளில் நட்டேன். 3 மட்டும் வேர்விட்டன. ஒன்று வாசற்படி அருகே, சிமெந்து படாது விட்ட 2 அடி இடத்தில் நிற்கின்றது. மற்றொன்றை அன்று கத்தியெடுக்கச் சொன்ன அண்டை வீட்டாரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவதை இக்கல்லூரிக்குக் கொடுக்க விரும்புகின்றேன். விடுதி மாணவர் வேரடியில் நீர் ஊற்றிப் பேணுவாராக. அது வளர்ந்தபின், ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு போத்தைக் கொண்டு செல்வாராக. பழைய மாணவர்களே, உங்கள் வீடுகளிலோ தாய்வீடுகளிலோ இத்தகைய செடி இன்னும் நிற்குமாயின், முற்றத்தைப் பூசுமுன் ஒரு கிளையை வெட்டி வையுங்கள். வெட்டத் தகுந்தது என்று பிறர் காட்டும் துளிரையும், பூக்கும்வரையில் பொறுத்துப் பாருங்கள்.