இரட்சிப்பு மாதச் சந்தா இல்லை

"நீ இரட்சிப்பை இழந்துவிட்டாய்." எங்கள் சபைகளில் இளம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது மிகவும் மலிவாகிவிட்டது. இரண்டு ஞாயிறு வரவில்லை, கையில் பச்சை குத்தினாள், ஆராதனையில் பாட மறுத்தான். உடனே தீர்ப்பு! சந்தா கட்டாவிட்டால் இணைப்பை வெட்டும் கம்பனி மாதிரி ஒரு கடவுளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

இது பக்தி இல்லை, மிரட்டல். விசுவாசிகள் நூற்றாண்டுகளாக வாதாடிய ஒரு கேள்வியைப் பிரம்பாக மாற்றும் வேலை.

நான் வாழும் நெதர்லாந்தில் இந்தச் சண்டை ஒருகாலத்தில் நாட்டையே பிளந்தது. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்மினியஸ் 1609இல் இறந்தார். அடுத்த வருடம் அவருடைய ஆட்கள் ஐந்து கட்டுரைகளை முன்வைத்தார்கள். உண்மையான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாவது விஷயத்தில் அவர்கள்கூட அவசரப்படவில்லை. வேதத்தை இன்னும் ஆராயவேண்டும் என்றார்கள். 1618-19இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சங்கம், தேவன் தம்முடையவர்களைக் கடைசிவரை காப்பார் என்று தீர்த்தது. ஆனால் தாவீதும் பேதுருவும் படுமோசமாக விழுந்ததை அது மறைக்கவில்லை. விழுந்தவர்களையும் தேவன் விட்டுவிடவில்லை என்பதுதான் அதன் வாதம்.

மறுபக்கம் ஜோன் வெஸ்லி. விசுவாசி இரட்சிப்பை இழக்கலாம் என்று போதித்தவர். ஆனால் பின்வாங்கியவர்களுக்காகவே ஒரு தனிப் பிரசங்கம் எழுதினார்: நம்பிக்கையை விடாதீர்கள், திரும்பி வாருங்கள் என்று. கத்தோலிக்கர்களின் திரெந்து சங்கமும் 1547இல், சாவான பாவத்தால் கிருபை போகும் என்றது. பாவசங்கீர்த்தனத்தால் திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னது.

மூன்று தரப்பும் ஒன்றையொன்று கடுமையாக எதிர்த்தன. ஆனால் திரும்பி வரும் பிள்ளைக்குக் கதவைப் பூட்டு என்று ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப எபிரெயர் ஆறாம் அதிகாரம்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த எச்சரிக்கை கடுமையானதுதான். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? விசுவாசத்துக்காக அவமானப்பட்டு, சொத்தைப் பறிகொடுத்து, கிறிஸ்துவையே கைவிடும் விளிம்பில் நின்றவர்களுக்கு. பச்சை குத்தினவளுக்கு அல்ல. அந்தக் கடும் வார்த்தைகள் முடிந்த கையோடு, உங்களிடம் நல்லதையே நம்புகிறேன் என்று எழுதியவர் ஆறுதலும் சொல்கிறார். எங்கள் பிரசங்கிமார் பலர் அந்த இடத்துக்கு முன்பே பைபிளை மூடிவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. பன்னிரண்டு வயதில் முகாமில் கை தூக்கினேன், இனி எப்படியும் வாழலாம் என்பவர்கள். கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிற்கலாமா என்ற கேள்வியை ரோமர் ஆறில் பவுலே எழுப்பி, கூடவே கூடாது என்று முடித்துவிட்டார். டோர்ட்டும் இவர்களுக்குத் துணை வராது. காக்கப்படுகிறவன் மனந்திரும்புவான் என்பதே அங்கே போதித்தது.

என் நிலைப்பாடு இதுதான். யோவான் பத்தில் ஆடுகளைப் பிடித்திருப்பது மேய்ப்பனின் கை. ஆடு எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதில் அதன் பாதுகாப்பு தங்கியில்லை. இதற்கு நீங்கள் உடன்படாமல் வெஸ்லியின் பக்கம் நிற்கலாம். அதிலும் நேர்மை இருக்கிறது.

ஆனால் தம்பி, தங்கச்சி, அடுத்த தடவை யாராவது உங்கள் இரட்சிப்பு போய்விட்டது என்று சொன்னால் பயந்து ஓடாதீர்கள். எந்த வசனம், யாருக்கு எழுதியது, அதற்கு அடுத்த வசனம் என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு உங்களை நியாயந்தீர்க்க உரிமை இல்லை.