ஐந்து மில்லிமீட்டர்

தாம்பூலப் பையைப் பற்றி இனி எழுதமாட்டேன் என்று இந்தப் பத்தியில்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். தேங்காய் போய்ப் பிளாஸ்டிக் டப்பா வந்ததற்கும், டப்பா போய்ச் சாவிக்கொத்து வந்ததற்கும் நான் புலம்பித் தீர்த்ததைப் படித்துவிட்டு, “சாருக்கு வேறு வேலையே இல்லையா?” என்று ஷா ஆலாம் வாசகி ஒருவர் எழுதியதும் பலருக்கு நினைவிருக்கும். வாக்கை இந்த வாரம் மீறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு திருமணம். கையில் திணித்த பையைக் காருக்குள் வந்து பிரித்தால், மணமக்கள் பெயர் அச்சிட்ட பளபளப்பு உறைக்குள் வாசனைப் பாக்குப் பொட்டலங்கள். பின் இருக்கையில் பேத்தி அதை மிட்டாய் என்று நினைத்துக் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வீடு வரை ஆறவில்லை. மலேசியாவில் உணவகத்தில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்க 2019-லேயே தடை வந்துவிட்டது. 2024 அக்டோபரில் புகைப்பொருளுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்தவர்கள் வெயிலில் தள்ளிப் போய் நின்று ஊதுகிறார்கள். பாக்கில்தான் புகை வராதே! உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், ஏன், வெறும் பாக்கையுமே, புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் வைத்துவிட்டது. சிகரெட் இருக்கிற அதே வகுப்பு. அதைத்தான் ‘வாழ்க வளமுடன்’ என்று அச்சடித்துக் கொடுக்கிறோம்.

முழுப் பத்தியும் இதையே திட்டி எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாக்கு என்றதும் பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டியும், பெட்டியின் பின்னாலேயே அவருடைய மருத்துவ அறிக்கையும் நினைவுக்கு வந்துவிட்டன. கல்யாண வீட்டார் பிழைத்துப் போகட்டும்.

பெரியம்மா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே ஒரு மடிப்பு வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பால் எடுத்து முடிக்கும்வரை பசி தெரியாதாம். தோட்டம் அழிந்து தாமானுக்குக் குடிவந்தபோது பெட்டியும் கூடவே வந்தது. பல்லெல்லாம் போனபின் சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார். அடக்கிவைக்கும் அதே கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. “சுண்ணாம்பு பொத்துருச்சுடா” என்றே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வலிக்கவில்லை. வலித்திருந்தால் முன்னமே மருத்துவரிடம் போயிருப்பார்.

அது புற்றுநோய் என்று தெரிந்து, அறுவையும் முடிந்து வந்த நோயியல் அறிக்கையைக் குடும்பமே ஜாதகம்போல் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. “தம்பி, நீதான் படிச்சவன். ஆயுசு எவ்வளவுன்னு போட்டிருக்கா பாரு” என்றார் அக்கா. ஆயுசு அதில் எழுதியிருக்காது. ஆனால் எதையெல்லாம் வைத்து மருத்துவர்கள் அதைக் கணக்குப் போடுகிறார்களோ, அவை வரிவரியாக இருக்கும். அன்றிலிருந்து அந்த வரிகளை விடாமல் படித்துவருகிறேன். பங்குச் சந்தைப் பக்கம் படிப்பவர்கள் இருக்கிறார்கள், நான் இதைப் படிக்கிறேன்.

முதலில் ஆழம். முன்பெல்லாம் கட்டி எவ்வளவு அகலம் என்றுதான் அளந்தார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த புதிய வகைப்பாட்டில், எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் சேர்ந்தது. மேலே பார்க்க இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிய புண்தானே என்று சமாதானம் கொள்ள முடியாது. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போயிருந்தால் அது முதல் படி இல்லை, இரண்டாம் படி. அகலம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி, ஆழமும் பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் குறைந்தது மூன்றாம் படி.

அடுத்து ஓரம். அங்கேயும் ஐந்து மில்லிமீட்டர்தான். வெட்டியெடுத்த சதையின் விளிம்புவரை புற்றணுக்கள் வந்துவிட்டனவா, நல்ல சதை ஐந்து மில்லிமீட்டராவது சுற்றி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எடுத்த சதை சுருங்கும் என்பதால் மேசையிலேயே ஒரு சென்டிமீட்டர்போலத் தள்ளி வெட்டுவார்கள். கன்னத்தில் தள்ளி வெட்ட எவ்வளவு இடம் இருக்கிறது, சொல்லுங்கள். நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா என்று ஒரு வரி, கட்டி எந்தத் தரம் என்று ஒரு வரி. இவையும் கணக்கில் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலானது கழுத்து. கழுத்தின் நிணநீர் முடிச்சுகளில் ஒன்றுக்குப் பரவிவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. முடிச்சின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தால் இன்னும் மோசம். கதிர்வீச்சோடு மருந்தும் சேர்த்துக் கொடுப்பது அப்படிப்பட்டவர்களுக்கும், ஓரத்தில் புற்றணுக்கள் மிஞ்சியவர்களுக்கும்தான். அறுவைக்கு முன் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே கழுத்தை வைத்துத்தான் நடந்தது. “கழுத்துல ஒண்ணுமே தெரியலைங்கிறாங்க, அப்புறம் ஏன் அதையும் வெட்டணும்?” என்று அக்கா ஒப்பவே இல்லை. இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக மும்பைக் கதையைச் சொன்னார். டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டி’குரூஸ் குழுவினர் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். கழுத்தில் எதுவும் தென்படாதபோதே முடிச்சுகளையும் எடுத்துவிட்டவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள். வந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காடு. பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “வெட்டுனா வெட்டட்டும், கீழ்க்காட்டு மரமா நானு?” என்று சிரித்தார். வெட்டியதில் ஒரு முடிச்சில் நோய் இருந்தது.

அதன்பின் ஆறு வாரக் கெடு. கதிர்வீச்சு தேவைப்படுகிறவர்களுக்கு, அறுவையிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும் என்பார்கள். தையல் ஆற வேண்டும், வாயில் மிச்சமிருக்கும் கெட்ட பல்லைப் பிடுங்கி அந்தப் புண்ணும் ஆற வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் அழைத்துப் போக ஆள் வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் மகளுக்கு யார் இத்தனை விடுப்பு கொடுப்பார்கள்? இந்த வரி மட்டும் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

பெரியம்மா அதற்குப்பின் நான்கு தீபாவளி பார்த்தார். மனத்தைரியம்தான் காப்பாற்றியது என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதே வார்டில் அவரைவிடத் தைரியசாலிகள் அந்த வருடமே போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். என் கணக்கு வேறு. அறிக்கையில் இருக்கும் வரிகளில் அறுவை மருத்துவரின் கையில் இருப்பது பெரும்பாலும் ஓரம் ஒன்றுதான். ஆழமும் கழுத்தும் அவரிடம் போவதற்கு முன்பே, ‘சுண்ணாம்பு பொத்துருச்சு’ என்ற அந்த மாதங்களில் எழுதி முடிக்கப்பட்டவை.

நம்மவர்களுக்கு இந்த ஆபத்து இருப்பது தெரியாத விஷயமும் இல்லை. 1993-94-இல் நடந்த நாடு தழுவிய ஆய்விலேயே, வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இந்தியரிடம்தான் அதிகம் என்று தெரிந்துவிட்டது. பல் மருத்துவக் குழுக்கள் தோட்டங்களுக்குப் போய் வாயைப் பார்க்கும் திட்டமும் தொண்ணூறுகளிலேயே வந்தது. தோட்டம் இருந்தவரை பாட்டிகள் ஒரே லயத்தில் வரிசையாகக் கிடைத்தார்கள். இப்போது அவர்கள் மேருவிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடிகளில், மகன் வீட்டில் ஒருவர், மகள் வீட்டில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பல் இல்லாதவர் பல் மருத்துவரிடம் ஏன் போகப்போகிறார்?

ஆனால் வீடு தேடிப் போகலாம். திருவனந்தபுரம் பக்கம் ஆய்வாளர் சங்கரநாராயணன் குழுவினர், பயிற்சி கொடுத்த சுகாதார ஊழியர்களை வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்ததுதான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் வட்டாரக் கோவில் செயலாளரிடம் இதைச் சொல்லி, அன்னதான நாளில் ஒரு பல் மருத்துவரை உட்காரவைக்கலாமே என்றேன். “பல்லே இல்லாத பாட்டிக்குப் பல் டாக்டர் எதுக்கு சார்?” என்றார். மேலே எழுதியதையெல்லாம் அவரிடம் நின்றபடியே சொல்லி முடித்தேன், பாவம் மனிதர். கடைசியில், “சரி, வரிசைக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டுத் தர்றேன். வெள்ளைக் கோட்டு மட்டும் வேணாம், பயந்து ஓடிருவாங்க” என்றார்.

கோட்டில்லாமல், டார்ச்சோடு வரச் சம்மதிக்கும் பல் மருத்துவர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். சாப்பாடு உண்டு.