விளக்கை அணைப்பது திருத்தம் ஆகாது



இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பான் கார்களையே ஓட்டிச் சமாளித்தோம். மயிலிட்டித் துறைமுகத்தடியில் நிற்கும் காருக்கு உப்புக் காற்றே எதிரி. சில்லின் வேகத்தை அளக்கும் சென்சாரின் வயர் முனையில் பச்சை பூத்தாலே போதும், வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

கார் வழுக்கும்போது அந்த விளக்கு மின்னினால், வழுக்கலைத் தடுக்கும் கட்டுப்பாடு வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் பழுது. சாதாரண பிரேக் பிடிக்கும்தான். ஆனால் மாரி மழையில் வளைவில் கார் இழுபட்டால் அந்தக் கட்டுப்பாடு கைகொடுக்காது.

நான் போன கராஜில் ஸ்கேனரைப் பூட்டிப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டுக் காசு வாங்கினார்கள். வீடு வருமுன் விளக்கு மறுபடி எரிந்தது. வேறொருவர் சில்லைக் கழற்றி வயர் முனையைத் துப்புரவாக்கிய பிறகே பழுது தீர்ந்தது. இன்னும் சில இடங்களில் விளக்கையே துண்டித்துவிடுகிறார்களாம். இது உயிரோடு விளையாடும் வேலை.

வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கேட்கும் அதிகாரிகள் இந்த விளக்கையும் பார்க்க வேண்டும். கராஜ்காரர் பிழைக் குறியீட்டை எழுத்தில் தர வேண்டும். கார் வைத்திருப்போரே, அதைக் கேட்டு வாங்குங்கள்.

வாசகர் ஒருவர்,
மயிலிட்டி.