உங்க ஞாபகத்துக்கு எடிட்டர் யார்?

பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிய நாளை நினைச்சுப் பாருங்க. மேடையிலிருந்து கூட்டம் தெரியுதா, இல்ல கூட்டத்திலிருந்து நீங்க தெரியுறீங்களா? பலருக்கு இரண்டாவதுதான். அந்த ஷாட்டை எடுத்தது யார்? நீங்க அங்க உட்காரவே இல்லையே!

1983-ல் நிக்ரோ, நைஸர் என்ற உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். நம்மையே வெளியிலிருந்து பார்ப்பது பழைய நினைவுகளில்தான் அதிகம் என்று கண்டார்கள். அதாவது, நாள் போகப் போக கேமரா இடம் மாறுது.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் இன்னொன்றைக் கவனித்தார். ‘தி கான்வர்சேஷன்’ (1974) படத்தில் அவர் கட் செய்ய நினைத்த இடத்துக்கு மிக அருகிலேயே நடிகர் ஜீன் ஹேக்மேன் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார். ஒரு எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது என்பது மர்ச்சின் கணிப்பு.

ஆக, வெட்டுவது நமக்கு இயல்புதான். என் பயம் வேற: இப்போ போனும் வெட்டுது.

போன வருஷ நினைவுகள்னு என் போன் தானாகக் கோத்த வீடியோவில் கடற்கரை, பிறந்தநாள் கேக், பிரியாணி எல்லாம் இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மூணு வாரம் இல்லை. எப்படி இருக்கும்? அப்போ நான் போட்டோவே எடுக்கலை. ஆனா வீடியோ முடிஞ்சதும், ‘நல்ல வருஷம்தான்’ என்று ஒரு நொடி நம்பிட்டேன்.

அந்த மூணு வாரத்தை இப்போ நோட்டில் எழுதிட்டு வர்றேன். வார்டுக்கு வெளியே பச்சை பெஞ்ச், நடுராத்திரி டீ, டிஸ்சார்ஜ் அன்னிக்கு அப்பா கேட்ட முதல் கேள்வி: “வண்டில பெட்ரோல் இருக்கா?”