மனப்பாடம் இன்னும் ஏன்?

உபாத்தியாயர் ஒன்றைச் சொல்ல, பிள்ளைகள் கும்பலாய்க் கூவும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அச்சுப் புத்தகமில்லாத திண்ணைப் பள்ளியில் அதற்கு நியாயமிருந்தது. இப்போது என்ன நியாயமென்று கேட்கின்றோம்.

நிற்க, பழையதெல்லாம் குப்பை என்பதல்ல நம் கருத்து. சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், தம் பள்ளியிலும் அதைப் புகுத்தி, பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குப் போதித்து, 1797-ல் இங்கிலாந்தில் அதுபற்றிப் புத்தகமும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர். அது இன்றும் உதவும்.

பிரம்பை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விலக்கிவிட்டது. ஆனால் “ஏன்?” என்ற பிள்ளையை “உட்கார்” என்று அடக்குவது நின்றதா? வீட்டில் விளக்கிச்சொல்ல ஆளுள்ள பிள்ளை எப்படியும் தப்பிக்கும். எழுத்தறியாக் கூலிக்காரன் பிள்ளைக்கு அந்த வகுப்பை விட்டால் வேறு கதி ஏது?